இரண்டாவது சுற்று ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா? ஜப்பானிய விளையாட்டு அனிமே மக்களைப் பிடித்துவைப்பது எப்படி

2024 பிப்ரவரி 16 அன்று ஜப்பானில் 85 நிமிட அனிமேஷன் படம் ஒன்று வெளியானது. படம் முழுக்க ஒரே ஒரு வாலிபால் ஆட்டம்தான். ஆடுகிற இரண்டுமே பள்ளிக்கூட அணிகள். அதுவும் இறுதிப் போட்டி கிடையாது, தேசியப் போட்டியின் மூன்றாவது சுற்று. 'ஹைக்யூ' தொடரின் அந்தப் படம் ஜப்பானில் மட்டும் 1,100 கோடி யெனுக்கு மேல் வசூலித்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 டிசம்பர் 3 அன்று, 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' வந்தது. அதிலும் பள்ளி அணிகள்தான். கூடைப்பந்து, இரண்டாவது சுற்று. அது ஜப்பானில் 1,500 கோடி யெனைத் தாண்டியது. சீனாவிலும் தென்கொரியாவிலும் கூட்டம் அலைமோதியது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூலக் கதைகளில், இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஜெயிக்கிற கதாநாயகன் அணி அடுத்த ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்புகிறது. இரண்டு அணிக்குமே கோப்பை கிடைப்பதில்லை.

அப்படியானால், வாலிபாலைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்கள்கூட எதற்காக இதைப் பார்க்கிறார்கள்? 'கடின உழைப்பு, நட்பு, ஒற்றுமை' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அதெல்லாம் எல்லா விளையாட்டுப் படத்திலும் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் தொடர்களை இரண்டு கடிகாரங்கள் ஓட்டுகின்றன. ஒன்று ஒரு நொடியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டும். மற்றொன்று மூன்று வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஓடாது. இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

(கதை முடிவுகள் சில கீழே வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

## முதலில் நான்கு சொற்கள்

1. மங்கா: ஜப்பானியப் படக்கதை. பெரும்பாலும் வார இதழ்களில் தொடராக வந்து, பிறகு புத்தகமாகும். விளையாட்டு அனிமேக்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுதான். 'ஹைக்யூ' மங்கா 2012 முதல் 2020 வரை வந்து 45 தொகுதிகளானது.
2. அனிமே: ஜப்பானிய அனிமேஷன். குழந்தைகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் அங்கே கிடையாது.
3. புகாட்சு: பள்ளியில் வகுப்பு முடிந்தபின் நடக்கும் மன்றச் செயல்பாடு. விளையாட்டு, இசை, ஓவியம் என்று எதுவும் இருக்கலாம். வாரத்தில் பல நாள், விடுமுறையிலும் நடக்கும். இந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியம்.
4. ஸ்போகோன்: 'ஸ்போர்ட்ஸ்' என்பதையும் 'கொன்ஜோ' என்ற ஜப்பானியச் சொல்லையும் சேர்த்துச் சுருக்கியது. கொன்ஜோ என்றால் விடாப்பிடி, நெஞ்சுரம். 1960களில் தொடங்கிய பழைய பாணி விளையாட்டுக் கதைகளுக்கு இந்தப் பெயர்.

## மூன்று வருடக் கடிகாரம்

ஜப்பானில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பு மூன்று வருடம். ஏப்ரலில் சேரும் பதினைந்து வயதுப் பையன் மூன்றாவது வருடத்தின் பெரிய போட்டி வரைதான் அணியில் இருப்பான். பல மன்றங்களில் கோடைப் போட்டியில் தோற்ற அன்றே மூன்றாம் வருட மாணவர்கள் விடைபெற்றுவிடுவார்கள். அப்புறம் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டியதுதான். பிளஸ் டூ வந்ததும் பந்தைத் தூக்கிப் பரண்மேல் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

போட்டியின் அமைப்பு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தோல்வி போதும், வெளியே.

இதன் உச்சம் கோஷியன். பள்ளி மாணவர்களுக்கான தேசிய பேஸ்பால் போட்டி 1915இல் தொடங்கியது. 1924இல் திறக்கப்பட்ட கோஷியன் மைதானத்தின் பெயரே போட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. 2024 கோடைப் போட்டிக்கான வட்டாரச் சுற்றுகளில் 3,441 அணிகள் ஆடின. அவற்றிலிருந்து 49 அணிகள் கோஷியனுக்குப் போகும். ஒன்று கோப்பை வாங்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 3,441 அணிகளில் 3,440 அணிகளுக்குக் கடைசி ஆட்டம் தோல்வி. அந்த நாட்டில் பள்ளி அணியில் ஆடிய கிட்டத்தட்ட ஒவ்வொருவரின் நினைவிலும் இருப்பது ஒரு தோல்வியோடு முடிந்த கோடைக்காலம். கோஷியனில் தோற்ற அணியின் மாணவர்கள் அழுதபடியே மைதானத்து மண்ணைக் கையால் அள்ளிப் பையில் போட்டு எடுத்துப்போவார்கள். தொலைக்காட்சி ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதைக் காட்டுகிறது.

விளையாட்டு அனிமே பேசுவது முதலில் இவர்களிடம். அதனால்தான் அந்தக் கதைகளுக்குக் கோப்பை கட்டாயமில்லை. 'இந்த ஆறு பேர் இன்னும் ஒரு நாள் சேர்ந்து ஆட முடியுமா?' என்பதுதான் ஒவ்வொரு ஆட்டத்திலும் பணயம்.

'ஹைக்யூ'வின் கராசுனோ அணியில் சுகவாரா என்றொரு மூன்றாம் வருட மாணவன் வருகிறான். அவன் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக்கொடுப்பவன். இரண்டு வருடம் காத்திருந்து அவனுக்குக் கிடைத்த இடத்தைப் புதிதாகச் சேர்ந்த ககேயாமா பறித்துவிடுகிறான். ககேயாமா அசாத்தியத் திறமைசாலி. சுகவாரா பயிற்சியாளரிடம் போய், வயதைப் பார்க்காமல் ககேயாமாவையே இறக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். அணி ஜெயித்தால் இன்னும் ஓர் ஆட்டம் கிடைக்கும், அதில் தானும் சில நிமிடம் இறங்கலாம் என்பது அவன் கணக்கு. விட்டுக்கொடுப்பும் ஆசையும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. பத்து வருடம் ஆட வாய்ப்புள்ள தொழில்முறை வீரனைப் பற்றி இப்படி ஒரு காட்சி எழுதினால் இந்த வலி வராது. மூன்று வருடக் கடிகாரம் ஓடுவதால்தான் வருகிறது.

## நொடியை விரிக்கும் வித்தை

இனி அடுத்த கடிகாரம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் ஜப்பான் ஆண்கள் வாலிபால் அணி இத்தாலிக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்றது. மூன்றாவது செட்டில் மேட்ச் பாயின்ட் வரை போனது. கடைசியில் 2-3 என்று தோற்றது. உலகமே அதை நேரலையில் பார்த்தது. அந்த மேட்ச் பாயின்ட்டில் சர்வீஸ் போடப் போனவருக்கும் எதிரே நின்றவருக்கும் மனதில் என்ன ஓடியது? கேமராவால் காட்ட முடியாது. பந்து மேலே போய் இறங்க ஒரு நொடிதான் ஆகிறது.

அனிமே அந்த நொடிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பழக்கம் பிறந்ததில் பணத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. திரையில் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும். 1963இல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்கு வந்தபோது வாராவாரம் ஒரு பகுதியை முடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு வைத்து, நொடிக்கு எட்டுப் படம் என்று சிக்கனம் பிடித்தார்கள். நின்ற படத்தின்மேல் கேமராவை நகர்த்துவது, முகத்தை மட்டும் காட்டிக் குரலை ஓடவிடுவது என்று பல வழிகள் அப்போது வழக்கமாயின. விளையாட்டுத் தொடர்களில் இந்தச் சிக்கனம் தனிக் கலையாகவே மாறியது. 1970இல் குத்துச்சண்டைக் கதையான 'அஷிதா நோ ஜோ'வை இயக்கிய ஒசாமு தேசாகி, உணர்ச்சி உச்சத்தில் அசைவை நிறுத்தி, அந்தச் சட்டகத்தைக் கையால் வரைந்த ஓவியம் போல உறையவைத்தார். பார்ப்பவரின் மூச்சும் அங்கே நின்றது.

இன்று நொடியை விரிக்க முக்கியமாக நான்கு வழிகள் கையாளப்படுகின்றன:

1. உள்மனப் பேச்சு. பந்து காற்றில் இருக்கும்போதே ஒருவன் அரை நிமிடம் யோசிக்கிறான். எதிரியின் தோள் எந்தப் பக்கம் திரும்பியது, போன தடவை எங்கே அடித்தான் என்பதெல்லாம் அவன் தலையில் ஓடுகிறது.
2. பழைய நினைவு. இந்த ஓர் அடிக்குப் பின்னால் இருக்கும் ஐந்து வருடம் நடுவில் வந்துபோகிறது.
3. பக்கத்தில் நிற்பவரின் விளக்கம். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய வீரரோ பயிற்சியாளரோ நடந்தது என்ன என்று சொல்கிறார்.
4. ஒலியை எடுத்துவிடுவது. கூட்டத்தின் இரைச்சல், வசனம், இசை எல்லாம் அறுந்து அமைதியாகிறது.

நான்காவது வழி 'ஸ்லாம் டங்க்'கில் உச்சம் தொட்டது. தகேஹிகோ இனோவேயின் மங்காவில் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகள் பக்கம் பக்கமாக வசனமே இல்லாமல் வரையப்பட்டவை. 2022 படத்தை அவரே இயக்கினார். உண்மையான கூடைப்பந்து வீரர்களின் அசைவைப் பதிவுசெய்து கணினி வரைகலையில் உருவாக்கிய படம் அது. அங்கும் கடைசி நொடிகளில் சத்தத்தை எடுத்துவிட்டார். திரையரங்கில் ஆயிரம் பேர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே மறுபடி மறுபடி போனவர்கள் உண்டு.

'ஹைக்யூ' 2024 படம் இன்னொரு வழியைப் பிடித்தது. கடைசிப் புள்ளி முழுவதும் எதிரணியின் செட்டர் கென்மாவின் கண்ணாலேயே காட்டப்படுகிறது. அவனுடைய மூச்சு, அவன் பார்வை, தரையில் அவன் விழுவது எல்லாம் நமக்கே நடப்பது போல இருக்கும். வியர்வையில் நனைந்த பந்து விரலில் வழுக்குகிறது. ஆட்டம் முடிந்தது.

## ஒரு பிளாக்: விரிவாக ஓர் உதாரணம்

இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக அடிக்கும் இடத்தைக் காட்ட எனக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தெரியாது. 'ஹைக்யூ' மூன்றாம் பருவம் 2016 அக்டோபரில் தொடங்கியது. மொத்தம் பத்துப் பகுதி. பத்தும் ஒரே ஆட்டம். ஐந்து செட் வாலிபால் ஆட்டம் நிஜத்தில் சுமார் இரண்டு மணி நேரம் நடக்கும். இங்கே அதை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக விரித்திருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் சுகிஷிமா என்ற உயரமான மாணவன் வலைக்கு நடுவே நிற்கிறான். எதிரே உஷிஜிமா, மாகாணத்திலேயே பலமான அடிகாரன். இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளியில் சுகிஷிமா அவன் அடியைத் தடுத்துவிடுகிறான். ஒரு பிளாக், ஒரு புள்ளி. நேரலையில் பார்த்தால் ஒரு கைதட்டலோடு கடந்துபோவோம்.

தொடரைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் அப்படி இல்லை? பின்னணியை வரிசையாகப் பார்க்கலாம்.

1. சுகிஷிமாவின் அண்ணன் இதே பள்ளி அணியில் இருந்தான். தான் முக்கிய வீரன் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டம் பார்க்கப் போன தம்பி, அண்ணன் களத்தில் இல்லாமல் பார்வையாளர் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறான்.
2. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு முடிவு: இது வெறும் பள்ளி மன்றம், இதற்கு உயிரைக் கொடுத்தால் இப்படித்தான் கூனிக்குறுக வேண்டிவரும்.
3. பயிற்சி முகாமில் அவனுடைய சிறுவயது நண்பன் யமகுச்சி சட்டையைப் பிடித்து அவனை உலுக்குகிறான். அதே முகாமில் வேறு பள்ளிக்காரனான பொகுட்டோ, ஆட்டம் தன்னைப் பிடித்துக்கொண்ட ஒரு கணம் இருந்தது என்கிறான். அந்தக் கணம் உனக்கு வராவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, வந்துவிட்டால் அதோடு சரி என்பதுதான் அவன் பேச்சின் சாரம்.
4. இந்த ஆட்டத்தில் சுகிஷிமா முதலிலிருந்தே உஷிஜிமாவின் அடியைத் தடுக்க முயலாமல், வழியைக் குறைத்துக் குறைத்து, எதிரணிச் செட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலிப்பேற்றுகிறான். இது சுத்தமான வாலிபால் உத்தி.
5. கடைசியில் ஒரே ஒரு பந்து சற்றுத் தவறான உயரத்தில் வருகிறது. அவன் கை அங்கே இருக்கிறது.

எப்போதும் சலித்த முகத்தோடு இருப்பவன் கையை மடக்கி உரக்கக் கத்துகிறான். பார்வையாளர் வரிசையில் அண்ணன் இருக்கிறான். உள்ளே அவன் மனம் சொல்வது: ஒரு பிளாக்தானே, ஒரு புள்ளிதானே, பள்ளி மன்றம்தானே.

அந்த ஒரு நொடிக்கு ஐந்தாறு வருடக் காரணமும் ஒரு மணி நேர உத்தியும் சேர்ந்தே வந்திருக்கின்றன. உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் அது அழுகைக் காட்சி. உத்தி மட்டும் இருந்திருந்தால் பயிற்சிப் பாடம். இரண்டும் ஒரே கையில் வந்து முட்டுவதுதான் இந்த வகைக் கதையின் பலம் என்று நான் நம்புகிறேன். இந்த இடத்தில் கண்கலங்கிய எத்தனையோ பேருக்கு வாலிபால் விதி அரைகுறையாகத்தான் தெரியும்.

## விதி தெரியாதவர் எப்படிப் பின்தொடர்கிறார்

இதற்கு எளிய வழி, கதாநாயகனுக்கே விதி தெரியாமல் வைப்பது. 'ஸ்லாம் டங்க்'கின் சகுராகி ஒரு பெண்ணுக்குப் பிடிக்கும் என்பதற்காகக் கூடைப்பந்தில் சேருகிற முரடன். அவன் பந்து தட்டப் பழகும்போது நாமும் பழகுகிறோம். 'ஹைக்யூ'வின் ஹினாட்டாவுக்கு உயரம் 163 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும், சிக்கல் என்ன என்று யாருக்கும் புரியும்.

ஒரு கேள்விக்கு ஒரு விதி என்று கொடுப்பார்கள். குள்ளமானவன் உயரமானவர்கள் முன்னால் எப்படி அடிப்பது? அவர்கள் எழும்புவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். அதற்குப் பந்து எங்கே வர வேண்டும்? அவன் கை போகிற இடத்துக்கே. யாரால் அப்படிக் கொடுக்க முடியும்? ககேயாமாவால். விரைவுத் தாக்குதல் என்ற உத்தியை இப்படி மூன்று கேள்வியில் கற்றுக்கொண்டுவிடுகிறோம். அதன் பிறகு எதிரணி அதைப் பிடித்துவிடுமோ என்று நாமே பயப்படத் தொடங்குகிறோம்.

உடலால் ஆடும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'சிஹாயாஃபுரு' நூறு பழங்கவிதைகளை வைத்து ஆடும் கருத்தா என்ற சீட்டாட்டத்தைப் பற்றியது. கவிதையின் முதல் ஓசையைக் கேட்டதும் உரிய சீட்டைத் தட்ட வேண்டும். ஜப்பானியமே தெரியாதவர்கள் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

## தோற்றவனுக்கும் ஒரு கதை

மற்ற நாட்டு விளையாட்டுப் படங்களிலிருந்து இவை பெரிதும் விலகுவது இங்கேதான். எதிரணி வில்லனாக இருப்பது அரிது. அவர்களுக்கும் மூன்று வருடம்தான்.

1970இல் நடந்த ஒன்றைச் சொன்னால் இந்த மரபு எவ்வளவு ஆழமானது என்று புரியும். 'அஷிதா நோ ஜோ' மங்காவில் கதாநாயகன் ஜோவின் எதிராளி ரிகிஷி. ஜோவோடு மோதுவதற்காகவே உடல் எடையைக் கடுமையாகக் குறைத்து, ஆட்டத்தில் ஜோவை வீழ்த்தி, பிறகு இறந்துபோகிறான். அவனுக்காக 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் கொதான்ஷா பதிப்பகத்தில் நிஜமாகவே இறுதிச் சடங்கு நடந்தது. நாடகக்காரரும் கவிஞருமான ஷுஜி தெராயமா முன்னின்று நடத்தினார். சுமார் 700 பேர் வந்தார்கள். காகிதத்தில் பிறந்த ஒருவனுக்கு, அதுவும் கதாநாயகனின் எதிராளிக்கு!

'ஹைக்யூ'வில் ஓய்காவா என்ற செட்டர் ஒருமுறைகூடத் தேசியப் போட்டிக்குப் போவதில்லை. மூன்று வருடமும் யாராவது ஒருவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான். ஆனால் கதை அவனை விட்டுவிடவில்லை. மங்காவின் முடிவில் அவன் அர்ஜென்டினாவுக்குப் போய், அந்த நாட்டு அணிக்காக ஆடுகிறான். கதாநாயகன் ஹினாட்டாவோ தன் முதல் தேசியப் போட்டியின் காலிறுதியில் காய்ச்சலால் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற்றப்படுகிறான். அவன் இல்லாமல் அணி தோற்கிறது. உடலைக் கவனித்துக்கொள்வதும் ஆட்டத்தின் பகுதி என்று அவன் கற்றுக்கொள்ளும் அந்த இடம், இந்தத் தொடரிலேயே மிகக் கசப்பானது. தவிர்க்க முடியாததும்கூட.

## அடியும் கண்ணீரும்: இந்த வகை எப்படி மாறியது

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பான் பெண்கள் அணி சோவியத் யூனியனைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. அணியில் பெரும்பாலோர் ஒசாகா பக்கத்து நூற்பாலை ஒன்றின் தொழிலாளர்கள். அந்த இறுதி ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பார்வை வீதம் டோக்கியோவை உள்ளடக்கிய கான்டோ பகுதியில் 66.8 சதவீதம். அவர்களுடைய பயிற்சியாளர் தைமாட்சுவின் இரக்கமற்ற பயிற்சி முறை பெரும் புகழ் பெற்றது.

அந்த அலையில்தான் ஸ்போகோன் பிறந்தது. 1968இல் வந்த 'கியோஜின் நோ ஹோஷி' தொலைக்காட்சியின் முதல் விளையாட்டு அனிமே. 182 பகுதி. பேஸ்பால் வீரனாக வேண்டும் என்று மகனைத் தந்தை சுருள்வில் பூட்டி வதைப்பது அதில் வீரமாகக் காட்டப்பட்டது. அடுத்த வருடம் பெண்கள் வாலிபாலை வைத்து 'அட்டாக் நம்பர் ஒன்' வந்தது. போருக்குப் பின் எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு 'தாங்கினால் ஜெயிக்கலாம்' என்ற செய்தி தேவைப்பட்டது.

1980களில் 'டச்' வந்து காற்றைத் திருப்பியது. பேஸ்பால் இருந்தது, கூடவே காதலும் இழப்பும் கேலியும் இருந்தன. 'ஸ்லாம் டங்க்' 1990களில் அதற்கு உடலையும் வியர்வையையும் சேர்த்தது. 'ஹைக்யூ' வந்தபோது அடிக்கிற பயிற்சியாளர் கதையிலிருந்து காணாமல்போயிருந்தார்.

'ப்ளூ லாக்' இதற்கெல்லாம் நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. 2018 கால்பந்து உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்த ஜப்பான் கடைசி நிமிடத்தில் 2-3 என்று தோற்றது. அடுத்த மாதமே இந்த மங்கா தொடங்கியது. கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட 300 இளம் ஸ்ட்ரைக்கர்களை ஒரே கட்டடத்தில் அடைத்து, சுயநலமாக ஆடு என்று கற்பிக்கும் கதை. அணி ஒற்றுமையால் மட்டும் உலகக் கோப்பை வராது என்ற கோபம் அதில் தெரிகிறது. எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தக் கோபம் நேர்மையானது.

## திரையிலிருந்து மைதானத்துக்கு

'கேப்டன் சுபாசா' கால்பந்து மங்கா 1981இல் தொடங்கியபோது ஜப்பானில் தொழில்முறை லீக் கிடையாது. ஜே லீக் வந்தது 1993இல்தான். உலகக் கோப்பையில் ஜப்பான் முதன்முறை ஆடியது 1998இல். நடுவில் வளர்ந்த தலைமுறை இந்தக் கதையோடு வளர்ந்தது.

அனிமே வடிவம் நாடு நாடாகப் போனது. இத்தாலியில் 'ஹாலி இ பெஞ்சி', ஸ்பெயினில் 'ஆலிவர் இ பெஞ்சி', அரபு நாடுகளில் 'கேப்டன் மாஜித்'. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸ், தாம் கால்பந்து ஆடத் தொடங்கியதற்கு இந்தத் தொடரும் காரணம் என்று சொல்லியிருக்கிறார். 2004இல் ஈராக்கின் சமாவா நகரில் இருந்த ஜப்பானியப் படை, குடிநீர் லாரிகளில் சுபாசாவின் படத்தை ஒட்டியது. அங்கே அந்த முகம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தியாவுக்கும் ஒரு முயற்சி வந்தது. 2012 டிசம்பரில் 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்ற இந்தி அனிமேஷன் தொடர் தொடங்கியது. 'கியோஜின் நோ ஹோஷி'யின் மறுவடிவம் அது. பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட், டோக்கியோவுக்குப் பதில் மும்பை. அதில் எடுத்துவர முடிந்தது தந்தையின் கண்டிப்பும் ஏழை வீட்டுப் பையனின் கனவும்தான். புகாட்சு இங்கே இல்லை. பள்ளி அணி, மூன்று வருடம், ஒரு தோல்வியில் எல்லாம் முடிவது என்ற அந்தக் கடிகாரம் இல்லாமல், 1960களின் பழைய கடுமை மட்டும் தனியாக வந்து நின்றது. அந்தத் தொடர் ஆழமாக வேர்விடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

## கதையின் அடித்தளமே நகர்கிறது

இந்தக் கதைகள் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் சிலவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது.

முதலாவது, நிஜ மன்றங்களில் அடி நிற்கவில்லை. 2012 டிசம்பரில் ஒசாகாவில் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவன் பயிற்சியாளர் தொடர்ந்து அடித்ததால் உயிரை மாய்த்துக்கொண்டான். நாடே அதிர்ந்தது. அனிமேயில் வரும் அன்பான பயிற்சியாளர்களைப் பார்க்கும்போது, அது அப்படியே இருக்கும் உலகம் என்று எடுத்துக்கொள்ளாமல், இருந்திருக்க வேண்டிய உலகம் என்று பார்ப்பது நியாயம்.

இரண்டாவது, பெண்கள். 1969இலேயே பெண்கள் அணியை மையமாக வைத்துத் தொடர் எடுத்தவர்கள், இன்று பெரும்பாலும் பெண்களைத் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் நிற்க வைத்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். பனிச்சறுக்கு நடனத்தில் ஒரு சிறுமியை மையமாக வைத்து 2025இல் வந்த 'மெடலிஸ்ட்' போன்றவை இன்னும் விதிவிலக்குகளாகவே இருக்கின்றன.

மூன்றாவதுதான் பெரியது. குழந்தைகள் குறைகிறார்கள். கோடை கோஷியனுக்கான வட்டாரச் சுற்றுகளில் 2002இல் 4,163 அணிகள் ஆடின. மேலே சொன்ன 2024 எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சரிவு தெரியும். விடுமுறையிலும் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களின் சுமையும் நீண்டகாலப் பிரச்சினை. அதனால் 2023 முதல் அரசு, நடுநிலைப்பள்ளி மன்றங்களின் வார இறுதிச் செயல்பாட்டைப் பள்ளியிலிருந்து உள்ளூர் சங்கங்களுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறது.

இப்போது வட்டார பேஸ்பால் போட்டிகளில் கூட்டு அணிகளைப் பார்க்கலாம். ஒன்பது பேர் தேறாத மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து ஓர் அணியாக இறங்குகின்றன. தேசியப் போட்டிகளை நோக்கிய அதே நாக்-அவுட், அதே ஒரு தோல்வி. வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவனும் அவரவர் பள்ளியின் சீருடையில் நிற்கிறான். ஒரே அணிக்குள் நான்கு நிறம்.